சோளத்துக்குள் இறங்கிய செல்வம் அண்ணன்

சோளத்தூள் வாசம்... தலைமுடியில் ஏறிவிட்டால் இரண்டு முறை முழுகினாலும் போகாது.

எண்பதுகளில் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கோழித் தீவன மில்லில் எனக்கு முதல் வேலை. மஹய்யாவையிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன்.

இரண்டு மாடி உயரத்துக்குத் தகர டேங்க். அடியில் குழாய். அதன் பிடியைத் திறந்து மூடுவதுதான் என் வேலை.

கொட்டும் சோளம் கீழே இருந்த வட்ட இரும்புத் தட்டில் மோதும். சிதறாது... பைப் தண்ணீர் தட்டில் விழுந்தால் விரியுமே, அதேபோல மெல்லிய குடையாகச் சுற்றிலும் விரியும். அத்தனையும் காய்ந்த மணிகள்தான். பார்க்கத் தண்ணீர்.

ஒரு நாள் காலை சோளம் வருவது நின்றுவிட்டது. உள்ளே ஈரத்தில் கட்டிப்பட்டிருந்தது. மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த செல்வம் அண்ணன் கம்பியோடு மேலே ஏறி, உள்ளே சோளத்தின் மேல் இறங்கி நின்றார்.

"பிடிய மூடாத தங்கச்சி. குத்திவிட்டா தானா வந்துரும்."

வந்தது. குடை விரிந்தது. நான் சிரித்துக்கொண்டே பார்த்து நின்றேன்.

மேலேயிருந்து அலறல். "மூடு! மூடு புள்ள!"

பிடி அசையவில்லை. இரண்டு கைகளாலும் தொங்கினேன்... எவ்வளவு நேரமென்று தெரியாது. ஒருவழியாக மூடியது.

ஏணியில் ஏறிப் பார்த்தேன். அண்ணன் நெஞ்சு வரை சோளத்துக்குள். நான்கு பேர் கயிறு போட்டு இழுத்தும் ஓர் அங்குலம் வரவில்லை. ஓடியபோது தண்ணீராக இருந்தது, நின்றதும் சிமெந்து போல இறுகியது.

"மூச்சு விட்டா இன்னும் இறுக்குது..." என்றார்.

"திரும்பத் தொறந்து விடுவமா?" என்றார் ஒருவர்.

"வேணாம்! ஆள் கீழ போயிருவான்!" என்று கத்தினார் மெஷின் பார்க்கும் காதர் நானா. அவர்தான் தகரத் தகடுகள் கேட்டார். அண்ணனைச் சுற்றி அவற்றை இறக்கி, நடுவிலிருந்த சோளத்தை வாளி வாளியாக அள்ளினார்கள். நான் ஏணியில் நின்று வாங்கிக் கொட்டினேன்.

"தங்கச்சி, ஏதாவது பேசிக்கிட்டே இரு," என்றார் அண்ணன். என்ன பேசினேன் என்று இன்றுவரை நினைவில்லை.

பகல் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். நிற்க முடியவில்லை. என் கையைப் பிடித்து, "நீ மூடாட்டி போயிருப்பேன்," என்றார்.

திறந்து வைத்திருந்ததும் நான்தானே அண்ணே... என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அவர் சட்டையிலிருந்த சோளத்தூளைத் தட்டிவிட்டேன்.

அவர் தோட்டத்துக்கே திரும்பிவிட்டார். நான் மறுநாளும் மில்லுக்குப் போனேன். வேறு வேலை கிடைக்கவில்லை.

இப்போது என் மகன் கட்டட வேலையில் இருக்கிறான். பாதுகாப்பு பெல்ட் மாட்டாமல் ஏணியில் கால் வைக்கவே விடமாட்டார்களாம். "சின்ன வேலைக்கும் அத மாட்டு, இத மாட்டுன்னு தொல்லைம்மா" என்று தினமும் புலம்புகிறான்.

புலம்பட்டும். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.