உருண்டை விழுங்கிய பன்னிரண்டு மாத்திரைகள்

பள்ளிப் பேருந்து ஓட்டுநரைத் தெருவில் எல்லோரும் 'ஹாரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வாயைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். இருபத்திரண்டு வருடமாக வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவர். ஆனால் மாத்திரை என்றால் மட்டும் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

ரத்தம் குறைவு என்று டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். மனைவி தினமும் காலையில் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுத் துணிக்கடை வேலைக்குக் கிளம்புவார். அவர் தலை மறைந்ததும் ஹாரன் அதைப் பால்கனியில் கிடந்த பழைய பூட்ஸுக்குள் போட்டுவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பால்கனிக்குப் போனவருக்குப் பகீரென்றது. வீட்டு நாய் உருண்டை பூட்ஸைக் கவிழ்த்துப் போட்டு, வாயெல்லாம் சிவப்புச் சாயத்தோடு சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் போட்ட அலறலில் மனைவி ஓடி வந்தார்.

"உப்புத் தண்ணி கரைச்சு ஊத்து! வாந்தி எடுத்துரும்!"

"சும்மா இருங்க. மொதல்ல நாய் டாக்டர்கிட்ட கேப்போம்."

போனில் டாக்டரம்மா பதறவில்லை. "உப்புத் தண்ணி வேண்டவே வேண்டாம், அதுவே விஷமாயிடும். நீங்களா வாந்தி எடுக்க வைக்காதீங்க. மாத்திரை அட்டையோட உடனே கிளம்பி வாங்க. நாய் எத்தனை கிலோ? எப்ப சாப்பிட்டுச்சு?"

"பத்து கிலோ. அரை மணி நேரம்கூட ஆகலை" என்றார் மனைவி.

"எத்தனை மாத்திரை?"

"ஒண்ணு ரெண்டு இருக்கும்" என்று ஹாரன் முந்திக்கொண்டார்.

"குத்துமதிப்பா சொல்லாதீங்க சார். எண்ணிக்கையை வச்சுத்தான் வைத்தியம்."

உருண்டை அவரை அண்ணாந்து பார்த்து வாலை ஆட்டியது. ஹாரனின் குரல் உள்ளே போய்விட்டது. "பதினேழு நாளா பூட்ஸுக்குள்ள போட்டுட்டேன். அஞ்சு தரையில கிடக்கு. மிச்சம் பன்னண்டு."

மனைவி கார் சாவியை எடுத்து நீட்டினார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மருத்துவமனையில் வாந்தி வரவைக்கும் ஊசி போட்ட பத்தாவது நிமிடம் உருண்டை எல்லாவற்றையும் கக்கியது. டாக்டரம்மா கையுறையோடு கிளறி எண்ணினார். பதினொன்று. எக்ஸ்ரேயில் வயிறு காலியாக இருந்தது. ஒன்று கரைந்திருக்க வேண்டும்.

"சரியான கணக்கு சொன்னீங்க, நல்லதாப் போச்சு. ஆனா இரும்பு லேசுப்பட்டதில்ல. தேறிட்ட மாதிரி இருந்துட்டு மறுபடி படுத்துரும். ரெண்டு நாள் கண்ணு வச்சுக்கங்க. வாந்தியோ சோர்வோ தெரிஞ்சா உடனே கொண்டாங்க."

திரும்பும் வழியில் மனைவி வாய் திறந்தார். "பதினேழு நாளா அந்த பூட்ஸுக்குத்தான் ரத்தம் ஊறியிருக்கு போல." சொல்லிவிட்டு அவராலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. "தொண்டையில இறங்கலைன்னு சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட டானிக் கேட்டிருக்கலாமேங்க!"

"கேக்க வெக்கமா இருந்துச்சும்மா."

ஹாரன் இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். நாய் தண்ணீர் குடித்தது, தூங்கியது, ஏப்பம் விட்டது என ஒன்று விடாமல் தாளில் குறித்து வைத்தார். மூன்றாம் நாள் காலை உருண்டை அந்தத் தாளையே கவ்விக்கொண்டு ஓடியது. அவர் சோபாவைச் சுற்றிச் சுற்றித் துரத்தினார்.