ஆட்டுக்கு நாலு காது

மூன்றாம் வகுப்பு என் கைக்கு வந்த இரண்டாவது வாரம், கரும்பலகையில் ஒரு வரி எழுதினேன்: "ஆட்டுக்கு நாலு காது." எழுதிவிட்டுத் திரும்பி நின்றேன். யாராவது சிரிப்பார்கள், யாராவது "தப்பு டீச்சர்" என்று கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். மன்னவனூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். ஆட்டுப் பண்ணையைப் பார்த்தே வளர்ந்தவர்கள். பதினொரு தலைகளும் குனிந்தன. கொஞ்ச நேரத்தில் பதினொரு நோட்டிலும் ஆட்டுக்கு நாலு காது முளைத்திருந்தது.

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

முதல் வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அச்சடித்ததுபோல் எழுத்து. ஒரு சுழி கூடாது, ஒரு கால் குறையாது. முதல் சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்னம்மா?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், எழுத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"போர்டுல இருந்ததுங்க டீச்சர்."

"சரி, என்னன்னு வாசி."

"போர்டுல இருந்தத எழுதுனேங்க டீச்சர்."

இரண்டு வருடமாக அந்தப் பிள்ளைகள் எழுத்தைப் படமாக வரைந்துகொண்டிருந்திருக்கிறார்கள். கோலம் போடுவதுபோல. பதினொரு பேரில் மூன்று பேர் எழுத்துக் கூட்டினார்கள். மற்றவர்களுக்கு வரிக்கும் வாய்க்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் நோட்டுகளில் எல்லாம் சிவப்பு மையில் 'நன்று', 'மிக நன்று'. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

நான் நிரந்தர ஆசிரியை இல்லை. தற்காலிக வேலை. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் நாலு வருடம் உட்கார்ந்திருந்தவள். அருவிக்கு எப்படிப் போவது, ஜீப் எங்கே நிற்கும் என்று வருகிறவர்களுக்குத் தாளில் வழி வரைந்து கொடுப்பதுதான் அங்கே என் முக்கியமான சோலி. கல்யாணமாகி மன்னவனூர் இருக்கும் இந்த மேல்மலைக்கு வந்த பிறகுதான் இந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது.

தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் முன்னால் இருந்த பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"டீச்சர், நீங்க புதுசு. எழுத்து வந்துருச்சுல்ல? வாசிப்பு தானா வரும்."

"மூணாவது வந்தும் வரலைங்க சார்."

"மலைப் பிள்ளைங்க. மெதுவாத்தான் வரும்."

அவருக்கும் நியாயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அஞ்சு வகுப்புக்கு ரெண்டு பேராகச் சமாளித்தவர். மேலிடத்தில் கேட்கிற விவரங்களையெல்லாம் போனில் ஏற்ற, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு மழையிலும் பனியிலும் ஏறிப்போய் நிற்பவர். ஆனால் 'மலைப் பிள்ளைங்க' என்றாரே, அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. நானும் மலைப் பிள்ளைதான்.

பார்த்து எழுதுவதை நிறுத்தினேன். உரமூட்டைச் சாக்கு, பிஸ்கட் உறை, பஸ்ஸின் ஊர்ப்பலகை என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்க வைத்தேன். ஒரு எழுத்தைச் சொல்லி, அது எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னேன். முதல் மாதம் நரகம். அந்த முதல் வரிசைப் பெண்தான் ரொம்பக் கஷ்டப்பட்டாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி என்று பேர் எடுத்தவள்; இப்போது எல்லாருக்கும் கடைசியில் நின்றாள். எழுதட்டுமா டீச்சர், எழுதட்டுமா டீச்சர் என்று கெஞ்சுவாள்.

பிறகு ஊரைப் பற்றிய பாடம் வந்தது. 'உங்கள் வீட்டின் அருகில் இருப்பவை எவை?' என்று ஒரு கேள்வி. போன வருடமும் இதேபோல் ஒரு கேள்வி இருந்திருக்கிறது. பழைய நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். எல்லா நோட்டிலும் ஒரே பதில்: 'ரயில் நிலையம், கடற்கரை, பூங்கா.' எங்கோ ஒரு வழிகாட்டி நூலில் இருந்ததைக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறார்கள்.

"ஏலே, ரயில் பாத்திருக்கியா?" என்று ஒருவனைக் கேட்டேன்.

"இல்லீங்க டீச்சர்."

"கடலு?"

"டிவில பாத்திருக்கேன்."

மலையிறங்கி அத்தனை வளைவும் கடந்துபோனால்தான் ரயில். பிள்ளைகளின் சொந்த ஊரை அழித்துவிட்டு, அங்கே யாரோ ஒருவரின் கடலைக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள். அன்றைக்கு வகுப்பைப் பூட்டிவிட்டு எல்லாரையும் வெளியே கூட்டிப்போனேன். பள்ளிக்கூடத்துக்கு மேலே உள்ள மேட்டில் நின்றால் ஊர் முழுக்கத் தெரியும். கிழக்கு எது, சூரியன் எந்தப் பக்கம் இறங்குகிறது, யார் வீடு எங்கே என்று கேட்டேன். அதுவரை வாயே திறக்காத பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு கத்தினார்கள். திரும்பி வந்ததும் ஆளுக்கொரு தாள் கொடுத்து வரையச் சொன்னேன்.

அந்தப் பெண் அன்று சாயங்காலம் வரை வரைந்தாள். தன் வீடு, ஓடை, உருளைக்கிழங்குக் காடு, பஸ் திரும்பும் இடம், அதற்கு அப்பால் சோலை. ஒவ்வொன்றுக்கும் கீழே தானாக எழுதியிருந்தாள். 'கேரட்டு கலுவுற எடம்.' 'இங்க காட்டுமாடு வறும்.' எழுத்துகள் கோணிக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தாளின் ஓரத்தில் இடமில்லாமல் மடங்கியிருந்தன. அந்த முத்து முத்தான கையெழுத்தைக் காணோம். "வாசி" என்றேன். விரல் வைத்துத் தடவித் தடவி, எல்லாவற்றையும் வாசித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அந்தத் தாளை அவள் நோட்டில் ஒட்டி வைத்தேன். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. முந்தின நாள் தலைமையாசிரியர் நோட்டுகளைப் புரட்டிக்கொண்டே வந்தவர், அந்தப் பக்கத்தில் நின்றார்.

"என்ன டீச்சர் இது? ஒரு வார்த்தையாச்சும் சரியா இருக்கா?"

"அவளா எழுதுனதுங்க சார்."

"பாக்குறவங்க நம்மளத்தான கேப்பாங்க?"

சொல்லிக்கொண்டே கிழித்தார். கசக்கக்கூட இல்லை, சுத்தமாகக் கிழித்து மேசை ஓரத்தில் வைத்தார். அந்த இடத்தில் பாடத்தைப் பார்த்து எழுதவைக்கச் சொன்னார். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. தாளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வேலை போய்விடும் என்கிற பயம்; வேறென்ன?

மறுநாள் அதிகாரி வந்தார். வெரசாகக் கிளம்பவேண்டும், பனி இறங்குவதற்குள் கொடைக்கானல் போய்ச் சேரவேண்டும் என்று வந்தவுடனேயே சொன்னார். அந்தப் பெண்ணின் நோட்டைத்தான் அவர் கையில் கொடுத்தார்கள். "அடடா, என்ன எழுத்து!" என்றார். "எங்க, இத வாசி பாப்பா."

முந்தின நாள் பார்த்து எழுதிய பக்கம். பெரிய பெரிய சொற்கள். அவள் எழுந்து நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"கூச்சப்படுதுங்க சார்," என்றார் தலைமையாசிரியர்.

வாசிக்க வராததைக் கூச்சம் என்று மூடிய அந்தச் சொல்தான். என் கை தானாகப் பைக்குள் போனது. கிழிந்த தாளை அவள் முன்னால் விரித்து வைத்தேன். "சார், இது அவளே எழுதினது. இதை வாசிக்கச் சொல்லுங்க. நேத்து இதைக் கிழிச்சுட்டாங்க," என்றேன். என் குரல் பக்கத்து வகுப்பு வரை கேட்டிருக்கும்.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். 'எங்க வீடு.' 'ஓட.' மூன்றாவதில் அழுகை வந்துவிட்டது. அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒவ்வொரு பிழையாகச் சுழித்தார். ஆறு சுழிகள். "முயற்சி நல்லாருக்கு. ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை பாத்துக்கங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

 அதற்குப் பிறகு அந்தப் பெண் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நாலாம் நாள் அவள் அம்மா வந்தார். வெள்ளனே கேரட் பிடுங்கப் போகிற அவசரத்தில், தலையில் கட்டிய துண்டோடு வாசலில் நின்றார்.

"டீச்சர், நான் படிக்காதவ. ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கக்கா."

"உங்களுக்கும் பெரிய சாருக்கும் என்ன சண்டைன்னு எனக்குத் தெரியாது. அதுக்கு எம்புள்ளையவா எந்திரிச்சு நிக்க வச்சு அழ வைக்கிறது? அவ நோட்டெல்லாம் அடுப்படியில போட்டுட்டு அப்பிடியே கெடக்கா."

அவளுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அது பொய். முந்தின நாள் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் ஒரு எட்டு வயசுப் பிள்ளையை முன்னால் நிறுத்தி என் கோபத்தைத் தீர்த்துக்கொண்டவள் நான். தாளைக் கிழித்தவர்மேல் கோபம், சுழித்தவர்மேல் கோபம். அத்தனைக்கும் மேலே என்மேல் கோபம்.

"தப்புதான்க்கா," என்றேன். "அனுப்பி வைங்க. இனி யாரு முன்னாடியும் அவள நிறுத்த மாட்டேன்."

அவர் நம்பினாரா தெரியாது. மறுநாள் அனுப்பி வைத்தார்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் அவள் எனக்காக ஒரு வரி எழுதவில்லை. கரும்பலகையில் உள்ளதை மட்டும் அழகாகப் பார்த்து எழுதினாள். அழகு கூடிக்கொண்டே போனது. நான் வற்புறுத்தவில்லை. தலைமையாசிரியர் அறைக்குப் போய், பிள்ளைகள் தாமாக எழுதுவதற்குத் தனி நோட்டு வைப்பேன், அதில் யாரும் சிவப்பு மை வைக்கக் கூடாது, யாருக்கும் காட்டக் கூடாது என்று சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். அவர் பதிவேட்டை மூடிவிட்டு, "உங்க வகுப்பு, உங்க பொறுப்பு" என்றார். தாளைக் கிழித்த அன்றே இதைச் சொல்லியிருக்கலாம்.

பங்குனி வெயில் மேல்மலைக்கும் வந்த நாட்களில், அந்தத் தனி நோட்டை அவள் முதன்முறையாக என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். 'பஸ்ஸு இன்னிக்கு வறல. அம்மா நடந்து போச்சு. எனக்கு கோவமா இருக்கு.' மூன்று வரிகள். நான் எதையும் திருத்தவில்லை. ஏன் பஸ் வரவில்லை, அம்மா எப்போது திரும்பி வந்தார் என்று மட்டும் கேட்டேன். அவள் உட்கார்ந்து நாலாவது வரியை எழுத ஆரம்பித்தாள்.