செவலையின் ஊசிப் புத்தகம்

என் மனைவியை லாயத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தேதியம்மா என்பார்கள், எதிரில் மரியாதையாக, முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு. குதிரை இருமினால் எந்தத் தேதியிலிருந்து என்பாள். லாடம் தேய்ந்திருந்தால் எந்தத் தேதியில் அடித்தது என்பாள். லாடம் அடிக்கிறவன் நான்தான். காலையில் ஒரே வண்டியில் உட்கார்ந்து வந்துவிட்டு, அங்கே இறங்கியதும் யாரோ ஒரு ஆளைப் போல என்னையே குறுக்கு விசாரணை செய்தால் எரிச்சல் வருமா வராதா? அதிலும் எனக்கு மூக்கு நுனியில் கோபம்.

குதிரையேற்றம் சொல்லித்தருகிற பள்ளி அது. பதினோரு குதிரைகள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் சாணம் அள்ளுகிற வேலைக்குத்தான் போனாள். அந்த வருடமே ஒரு வெள்ளைக் குதிரை, காயம் வழியாக ஏறுகிற ரணஜன்னியில், டெட்டனஸ் என்கிறார்களே அதில், செத்தது. தாடை பூட்டிக்கொண்டு, வால் விறைத்து, கதவு சாத்துகிற சத்தத்துக்கெல்லாம் தூக்கிப்போட்டு, நான்கு நாள் பட்டது பாடு. தடுப்பூசி போட்டிருந்ததா என்று டாக்டர் கேட்டதற்கு எல்லோரும் "போட்டாச்சு, போட்டாச்சு" என்றார்கள். எப்போது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப்போட்டுக் கோடு கிழிக்க ஆரம்பித்தவள்தான். இன்றைக்கு ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு நோட்டு, லாயத்துக்கே அவள் பொறுப்பாளர். எழுதி இல்லையென்றால் போடவில்லை. அவளுடைய சட்டம் அவ்வளவுதான்.

"எல்லாத்துக்கும் எல்லா ஊசியும் வருஷத்துல ஒரே நாள்ல போட்டுத் தொலைச்சிடலாமே" என்று முதலாளி ஒருமுறை சொன்னார்.

"பதினோரு பேரும் ஒரே பொழப்பாங்க பொழைக்கிறாங்க?" என்றாள்.

ரணஜன்னிக்கும் வெறிநாய்க்கடிக்கும் எல்லோருக்கும் உண்டு, அதில் பேச்சே கிடையாது. சளிக்காய்ச்சல் ஊசி, போட்டிகளுக்கு லாரி ஏறிப் போய்வருகிற நான்கு பேருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வாசலைத் தாண்டாத கிழவனுக்கு வருடத்துக்கு ஒன்று போதும். சினையாக இருப்பவளுக்குக் குட்டி போடுவதற்கு ஒரு மாதம் முன்னால், அப்போதுதான் முதல் பாலிலேயே குட்டிக்கும் காவல் போய்ச்சேரும். டாக்டரம்மா வந்தால் இருவரும் நோட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்வார்கள். அரைநாள் காலி.

செவலை வந்தது என்னால்தான். தரகர் என் கூட்டாளி. ஆறு வயதுப் பெண்குதிரை, நடை அப்படி ஒரு நடை. கூடவே ஊசிப் புத்தகம். எல்லா ஊசியும் போட்டு, தேதி, முத்திரை, கையெழுத்து எல்லாம் சுத்தமாக இருந்தது. "புத்தகம் பக்காங்க, நான் பொறுப்பு" என்று முதலாளியிடம் மார்தட்டினேன். இரண்டு வாரத்தில் வரும் போட்டிக்கு அனுப்பிவிடலாம் என்று அவர் குதித்தார். புதிதாக வந்தவள் மூன்று வாரம் தனியாக நிற்கட்டும் என்று என் மனைவி பின்கொட்டிலில் கட்டினாள். நான் போட்டிக்குச் சாதகமாக நாலு வார்த்தை பேசினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை செவலைக்கு லாடம் அடித்தேன். ஒரு ஆணி கொஞ்சம் உள்ளே சாய்ந்துவிட்டது. வெடுக்கென்று காலை இழுத்தாள். பிடுங்கினால் நுனியில் ரத்தம். இருபத்தைந்து வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறவன் உள்சதையில் ஆணி ஏற்றினான் என்றால் அதைவிட வெட்கக்கேடு எனக்கு இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. அயோடினைத் தடவி, அந்த ஓட்டையில் மட்டும் ஆணி அடிக்காமல், காதும் காதும் வைத்த மாதிரி வேலையை முடித்தேன். புத்தகத்தில்தான் ஊசி இருக்கிறதே, என்ன ஆகிவிடப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அடுக்களையில் அவள் அந்தப் புத்தகத்தை மூக்குக்கண்ணாடியோடு புரட்டிக்கொண்டிருந்தாள். மகள் அடுப்பருகே நின்று வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, செவலைக்கு எந்தக் கால்ல வெள்ளை?"

"பின்னங்கால், வலது." அன்றைக்குத்தான் நாலு காலையும் மடியில் வைத்திருந்தேன். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

"நெத்தியில?"

"சுத்தமா ஒண்ணும் இல்ல."

புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள். குதிரைப் படத்தில் அடையாளம் குறித்திருந்தது. இடது பின்னங்காலில் வெள்ளை, நெற்றியில் ரூபாய் அளவுக்குப் பொட்டு.

"இது வேற குதிரையோட புத்தகம்" என்றாள்.

வழக்கம்போல எகிறியிருப்பேன். காலையில் பிடுங்கிய ஆணியின் நுனி ரத்தம்தான் கண்ணில் நின்றது.

"ஏம்ப்பா இப்படி வேர்க்குது?" என்றாள் மகள்.

"காலையில செவலைக்கு ஆணி ஏறிடுச்சு" என்றேன்.

"எத்தன மணிக்கு?"

பாருங்கள், அப்போதும் அதுதான் முதல் கேள்வி.

"பத்தரை இருக்கும். இடது முன்னங்கால்."

"ஏன் சொல்லல?"

"புத்தகத்துல ஊசி இருக்குன்னு…"

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

நாங்கள் லாயத்துக்குப் போய்ச்சேர்ந்த சற்று நேரத்தில் டாக்டரம்மா வந்தார். செய்தி கேட்டு முதலாளியும் வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார்.

"ஒரு ஆணிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? புத்தகத்துல எல்லாம் இருக்கே!"

"அது இவளோட புத்தகம் இல்லைங்க. இவளுக்கு ஒண்ணுமே போடலன்னு வெச்சு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இன்னிக்கு ஒண்ணு, நாலு வாரம் கழிச்சு ஒண்ணு. போட்டி இப்போதைக்கு இல்ல."

"நான் சொன்னாலுமா?"

"நீங்க சொன்னாலும்தான். பொய்ப் புத்தகத்தக் காட்டி அனுப்பணும்னா வேற ஆள வெச்சு அனுப்புங்க. இந்தாங்க சாவி." இடுப்பிலிருந்த லாயச் சாவிக்கொத்தை எடுத்து நீட்டினாள். ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று அவளைப் பலமுறை கேலி செய்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பயந்தேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். "நீதானய்யா பொறுப்புன்னு சொன்ன?"

"புத்தகத்துல இருந்த படத்தப் பாக்காம சொன்னேங்க. ஆணியும் என் தப்புதான். மறைச்சதும் நான்தான்."

அவர் சாவியை வாங்கவில்லை.

டாக்டரம்மா லாடத்தைக் கழற்றி, புண்ணைத் திறந்து கழுவி, மருந்து வைத்துக் கட்டினார். கழுத்தின் இரண்டு பக்கமும் இரண்டு ஊசி. "ஒண்ணு இன்னிக்கே காவல் நிக்கும். இன்னொண்ணு இவ உடம்புக்கே காவல் நிக்கக் கத்துக்குடுக்கும், அதுக்கு நாளாகும். மூணு வாரம் பாருங்க. உறுதியா என்னால சொல்ல முடியாது."

மூன்று வாரம். தினமும் விடிந்ததும் முதல் ஆளாக நான் போய் நின்றேன். முகத்தைத் தூக்கிக் கண்ணோரத்துச் சவ்வு மேலே ஏறுகிறதா என்று பார்ப்பேன். வாலைத் தூக்கிப் பார்ப்பேன். ஒரு பிடி புல்லை நீட்டி, தாடை அசைகிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். தெய்வமே, மென்றுவிடு என்று வாய்விட்டே சொல்வேன். அவள் மென்றாள். மறுநாளும் மென்றாள்.

ஒன்பதாம் நாள் தரகர் போனில் வந்தார். இரண்டு குதிரைகள் ஒரே லாரியில் வந்தனவாம், புத்தகம் மாறிவிட்டதாம். காது கிழிகிற மாதிரி அவரிடம் கத்தினேன். என் மனைவி போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"அண்ணே, அப்ப இவளோட புத்தகம் அந்தக் குதிரைகிட்ட இருக்கும்ல? அதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க. அவங்ககிட்டயும் விஷயத்தச் சொல்லிடுங்க."

பத்து நிமிடத்தில் மறுபடி மணி அடித்தது. "ஒண்ணும் எழுதலம்மா. வெறும் தாளா இருக்கு" என்றார் தரகர்.

நான் புல்கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்திரண்டாம் நாளும் செவலை மென்றாள். தலையை உதறி என் சட்டையில் எச்சில் தெளித்தாள். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. அடுத்த வாரம் டாக்டரம்மா இரண்டாவது ஊசியைப் போட்டார். என் மனைவி செவலையின் புது நோட்டை என்னிடம் நீட்டி, ஆணி ஏறிய விவரத்தை என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன்.

அப்புறம் அலமாரியின் அடித்தட்டிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்தாள். அட்டை கிழிந்து பழசாக இருந்தது. மேலே லாடக்காரர் என்று எழுதியிருந்தது.

திறந்தேன். பத்தொன்பது வருடத்துக் காயங்கள். கட்டைவிரலில் ஆணி, தேதி. உள்ளங்கையில் உளி, தேதி. முழங்காலில் உதை, தேதி. எனக்கே மறந்துபோனதெல்லாம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஊசி என்று ஒரு கட்டம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது.

"ஒவ்வொரு தடவையும் கேட்டேன்" என்றாள். "நான் என்ன குதிரையான்னு எகிறினீங்க."

முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்டேன்.