அருளப்பனை டீமிலிருந்து எடுத்த வருஷம்

விளக்கெண்ணெய் தடவிய பழைய தோல் வெயிலில் காயும்போது ஒரு வாடை வரும். கீழராஜ வீதியில் என் மாமா வைத்திருந்த சைக்கிள் கடைக்குள் நுழைந்தால், ரப்பர் பசையின் நெடியையும் மீறி முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். ஊர் டீமின் கால்பந்து அங்கேதான் ஓர் ஆணியில் தொங்கும். யுத்த காலத்தில் பந்துக்குள் வைக்கும் புது ரப்பர்ப் பை, "பிளாடர்", கிடைக்காததால், சைக்கிள் டியூபுக்குப் போடுவதுபோலவே மாமா அதற்கும் ஒட்டுப் போட்டு, காற்றடித்து, நாடாவைக் கோத்து இறுக்கி, தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு மாட்டிவைப்பார்.

அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. மாலையில் வேலை முடிந்ததும் நேரே அந்தக் கடைக்குப் போய், மாமாவை இழுத்துக்கொண்டு எதிரே இருந்த காபி கிளப்பில் உட்கார்ந்துவிடுவார். மாமா ஆத்தாவின் தம்பி. ஆனால் அப்பாவோடு அவரை ஒட்டவைத்தது அந்த உறவைவிடப் பந்தாட்டம்தான். தம்பி கைக்குழந்தை என்பதால், ஆட்டம் பார்க்கப் போகும்போது அப்பா என்னைத்தான் கூட்டிப் போவார். "பொட்டப் புள்ளைக்கு அங்கிட்டு என்ன வேல?" என்று ஆத்தா ஒவ்வொரு தடவையும் கேட்பாள். அப்பா காதில் விழாததுபோல் செருப்பை மாட்டுவார்.

எங்கள் டீமின் சென்டர் பார்வர்டு அருளப்பன். கந்தர்வக்கோட்டைக்குப் போய்வரும் "கரி பஸ்"ஸின் டிரைவர். பெட்ரோலுக்குப் பதில் பின்னால் ஒரு பீப்பாயில் கரியைப் போட்டு எரித்து ஓட்டிய வண்டி அது. மேட்டில் நின்றுவிட்டால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கரிபடிந்த முகத்தோடு அவர் திடலுக்கு வருவதும், சட்டையை உருவி வேலியில் எறிவதும், வெறுங்காலால் பந்தை உதைப்பதும் ஊருக்கே பழகிப்போன காட்சிகள். "பீரங்கி" என்றுதான் அவருக்குப் பெயர்.

எனக்கு எட்டு வயதான வருஷம், டீமின் காரியதரிசியாக இருந்த வக்கீல், இனி அருளப்பனுக்குப் பதிலாகக் காலேஜில் படிக்கும் ஒரு பையன் ஆடுவான் என்று அறிவித்து, திடலில் நாலு பேரைக் கூட்டி அருளப்பனுக்கு மாலை போட்டுச் சால்வை போர்த்தி அனுப்பிவைத்தார். அவர் சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார். அடுத்த மாதமே குளத்தூர் டீமில் சேர்ந்துவிட்டதாகச் சேதி வந்தது. காபி கிளப் இரண்டாகப் பிரிந்தது. ஊரை விட்டுப் போன துரோகி என்றார்கள் சிலர். துரத்தியது யார் என்று கேட்டார்கள் மற்றவர்கள். அப்பா அருளப்பன் பக்கம். மாமா வக்கீல் பக்கம்.

அவர்கள் இருவரும் மோதிக்கொண்ட அன்று, கிளப்பில் அப்பாவுக்கு அருகில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்ததால் நடந்தது முழுவதும் எனக்குத் தெரியும்.

"பத்து வருஷமா நமக்காக ஒதச்ச காலு மாப்ளே. தேஞ்சுபோச்சுன்னு தூக்கி எறிய அது என்ன ஒன் கட டயரா?" என்றார் அப்பா.

"டயரு தேஞ்சா மாத்தத்தான் வேணும் மச்சான். இல்லாட்டி வண்டியில போறவன்ல விழுவான்? அவரால ஓட முடியல, அம்புட்டுத்தான்."

"அப்பிடின்னா ஒங்கப்பனுக்கும்தான் நடக்க முடியல. மாத்திருவியா?"

மாமாவின் அப்பா, அதாவது என் தாத்தா, அப்போது படுக்கையில் இருந்தார். மாமா காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதன்பிறகு இருவரும் பேசவில்லை. தை மாதத்தில் வைத்திருந்த தம்பியின் காதுகுத்து நின்றுபோயிற்று. மாமன் மடி இல்லாமல் காது குத்துவது எங்கள் வழக்கத்தில் இல்லை. ஆத்தா இரண்டு பக்கமும் தூது போய்ப் பார்த்தாள். "அந்த உருண்டப் பந்துக்காக எம்புள்ள காது மூளியா நிக்கிது" என்று அடுப்படியில் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது எனக்குக் கேட்கும்.

மாசியில் குளத்தூர் டீம் எங்கள் ஊருக்கு ஆட வந்தது. திடலின் இந்தப் பக்கம் அப்பாவும் நானும்; எதிர்ப்பக்கம் மாமா. அருளப்பனைக் குளத்தூர்க்காரர்கள் பின்வரிசையில், "பேக்" ஆக நிறுத்தியிருந்தார்கள். அவர் காலில் முதன்முதலாகப் பந்து பட்டபோது இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். பிறகு காலேஜ் பையன் அவரைத் தாண்டிப் போய் ஒரு கோல் போட்டான். கொஞ்ச நேரத்தில் அதேபோல் இன்னொன்று. மூன்றாம் முறை அவன் வந்தபோது அருளப்பன் குறுக்கே பாய்ந்து, பந்தைத் தவறவிட்டு, சரளைக் கல்லில் முகம் உரச விழுந்தார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன், "கரி பஸ்ஸு நின்னுருச்சு, எறங்கித் தள்ளுங்கப்பா!" என்று கத்தினான். கூட்டம் முழுவதும் சிரித்தது. அருளப்பனைப் பார்த்து ஊர் சிரித்ததை நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

"யாரப் பாத்துடா சிரிக்கிறே?" என்று ஒரு குரல் கேட்டது. மாமா கத்தியவனின் சட்டையைப் பிடித்துவிட்டார். அப்பா என் கையை விட்டுவிட்டு, ஆட்டம் நடந்துகொண்டிருந்த திடலின் நடுவிலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். அவனிடமிருந்து மாமாவைப் பிரித்து வெளியே கொண்டுவருவதற்குள் அப்பாவின் சட்டையும் கிழிந்திருந்தது.

"நாம அவர அனுப்பியிருக்கக் கூடாது மச்சான்" என்றார் மாமா, மூச்சு வாங்க.

"இல்ல மாப்ளே. நீ சொன்னதுதான் சரி. காலு வரல அவருக்கு. அன்னைக்கி நான் ஒங்கப்பாவப் பத்திச் சொன்னதுதான் தப்பு."

"அத விடுங்க. பெஞ்சிலயாவது உக்கார வச்சிருக்கணும்ல?"

"உக்கார வச்சு?"

மறுபடி பிடித்துக்கொண்டது, பக்கங்கள் மட்டும் மாறி. வீடு வரைக்கும் ஓயவில்லை. தெருமுனையில் இரண்டு குரல்களையும் சேர்த்துக் கேட்ட ஆத்தா உள்ளே போய் இன்னும் ஒரு படி அரிசி களைந்தாள். பங்குனியில் தம்பி மாமா மடியில் உட்கார்ந்து அலறினான்.

ஆட்டத்தன்று திடலை விட்டுக் கிளம்பும் முன் அருளப்பனை நான் பக்கத்தில் பார்த்தேன். குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே அந்தக் காலேஜ் பையனிடம், "மூணாவது வாட்டி ஒன்னயப் புடிச்சிருப்பேன் தம்பி, காலு வழுக்கிருச்சு" என்று சிரித்தார். அவர் முகத்தில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வருஷமும் குளத்தூருக்குத்தான் ஆடினார்.

எங்கள் ஊரை ஆண்ட ராஜாவின் சமஸ்தானம் போயிற்று. கரி பஸ்ஸும் அந்த டீமும் போயின; திடல் இருந்த இடத்தில் இப்போது வரிசையாகக் கடைகள். அருளப்பனை டீமிலிருந்து எடுத்தது சரி என்று அப்பாவும், தப்பு என்று மாமாவும் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். அதைப் பற்றிக் கருத்துச் சொல்லக்கூடிய ஆள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான் மிச்சம். அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவர் ஆசை தீர ஆடிக்கொள்ளட்டும், தோற்றால்தான் என்ன என்று சொல்லியிருப்பேன்.