துண்டு விழாத சீட்

பஸ்ஸில் சீட் பிடிப்பதில் எங்கள் குடும்பத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அங்கிருந்து எங்கே போவதென்றாலும், அடுத்த பஸ் உள்ளே திரும்பும்போதே மாமா என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கி ஜன்னல் வழியாகச் செருகிவிடுவார். அவருடைய துண்டை சீட்டில் விரித்து, அதன் மேல் குப்புறப் படுத்துக்கொள்வேன். யார் திட்டினாலும் அசைய மாட்டேன். துண்டு கிடந்தால் சீட் நம்முடையது. துண்டு கீழே விழுந்துவிட்டால் போச்சு. உலகத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்த சட்டம் அது ஒன்றுதான். அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த எதுவும் அவ்வளவு உறுதியாகப் படவில்லை. பின்னால் எட்டாவதோடு நின்று, போர்வெல் போடும் லாரியில் வேலைக்கு ஏறி ஊர் ஊராகப் போன பிறகும் எனக்கு உதவியது அந்தச் சட்டம்தான்.

அந்த வருடம் அக்கா பன்னிரண்டாவது முடித்திருந்தாள். ஆயிரத்து இருநூற்றுக்கு எழுநூற்றுச் சொச்சம். அது நல்ல மார்க்கா கெட்ட மார்க்கா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பாஸ் என்றால் மிட்டாய் வாங்கலாம், பெயில் என்றால் அழலாம். இந்த ரெண்டுங்கெட்டான் மார்க்குக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா வழக்கம்போலக் களை வெட்டப் போய்விட்டாள். அப்பா இல்லை. பணம் கட்டிப் படிக்கிற கல்லூரியெல்லாம் எங்களுக்கு ஆகாது. கவர்மெண்ட் கல்லூரியில் சீட் கிடைத்தால் பி.காம்., கிடைக்காவிட்டால் திருப்பூரில் பனியன் கம்பெனி. சித்தி அங்கே சொல்லிவைத்துவிட்டாள். அக்காவின் துணிப்பை பாதி அடுக்கியபடி மூலையில் இருந்தது.

சான்ஸ் எப்படி என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். பத்தாவதைப் பல தடவை எழுதியவர் என்பதால் பரீட்சை விஷயத்தில் அவருக்கு அனுபவம் அதிகம். டீக்கடையில் உட்கார்ந்து வருகிறவர்களை எல்லாம் விசாரிப்பார்.

"உன் பொண்ணு எவ்வளவுப்பா?"

"தொள்ளாயிரத்துக்கு மேலண்ணே."

மாமாவின் முகம் செத்துவிடும். "பரவால்ல, அது இஞ்சினியரிங் போயிடும்" என்று தானே தேற்றிக்கொள்வார். யாராவது அறுநூறு என்று சொன்னால் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பார். குறைவாக மார்க் எடுத்த பிள்ளைகள் மேல் அந்தச் சமயம் எங்கள் வீட்டில் இருந்த பிரியம், அவர்களைப் பெற்றவர்களுக்கே இருந்திருக்காது.

"தஞ்சாவூர் பஸ்ஸுல கீழப்பழுவூர் வந்தா பாதிக் கூட்டம் எறங்கிடுதா இல்லியா? அதுமாரிதான்" என்று வீட்டில் விளக்குவார். "மொதல்ல இஞ்சினியரிங்காரன் எறங்குவான். அப்பறம் நர்சிங்கு. கடைசில நின்னுக்கிட்டே வர்றவனுக்கு சீட் காலியாவும் பாரு."

"யாருமே எறங்காம கடைசி வரைக்கும் போனா?" என்று அக்கா கேட்டாள்.

"நல்ல வார்த்த பேசு தாயி."

எனக்கு இதெல்லாம் முழுக்கப் புரிந்தது. புரியாதது கட் ஆஃப் மட்டும்தான். எழுநூற்றுச் சொச்சத்தை என்னவோ கணக்குப் பண்ணி இருநூற்றுச் சொச்சம் ஆக்கிவிட்டார்கள். "மீதி மார்க்க யாரு வெட்டி எடுத்துக்கிட்டா மாமா?" என்று கேட்டேன். மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, "கவர்மெண்டு" என்றார். அதை வைத்துக்கொண்டு கவர்மெண்ட் என்ன செய்யும் என்று ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அரியலூர் கவர்மெண்ட் கல்லூரியில் அக்காவின் முறை வருவதற்குள் எல்லா சீட்டும் முடிந்துபோனது. மிச்சம் இருந்தது பெரம்பலூர் பக்கம், பல்கலைக்கழகம் நடத்துகிற கல்லூரி ஒன்று. கலந்தாய்வுக்கு முதல் நாள் சாயங்காலம் மாமா அங்கே போன வருடத்துக் கட் ஆஃபை விசாரித்துக்கொண்டு வந்தார். அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் துண்டு விழுதும்மா" என்றார்.

மார்க் குறைகிறது என்பதைத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு அந்தப் பேச்சு தெரியாது. துண்டு விழுகிறதென்றால் போட்டவன் சரியாகப் போடவில்லை என்று அர்த்தம். நான் ஒருத்தன் வீட்டில் இருக்கும்போது வேறு யாரைப் போடச் சொன்னார்கள்? நானும் வருவேன் என்று அழுது புரண்டு மறுநாள் கிளம்பிவிட்டேன்.

கல்லூரி வாசலில் ஒரே கூட்டம். வெயிலுக்காக மாமா தன் துண்டை எடுத்து என் தலையில் போட்டுவிட்டார். எனக்கு அதுவே உத்தரவு போல இருந்தது. அக்காவும் மாமாவும் வரிசையில் நின்றதும் நான் நழுவினேன். பின்பக்கம் ஒரு வகுப்பறை திறந்து கிடந்தது. உள்ளே போனதும் திகைத்துவிட்டேன். அத்தனை சீட்டும் காலி. வெளியே அவ்வளவு கூட்டம், உள்ளே ஒருவர்கூட ஏறவில்லை. அவசரப்படாமல் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். ஜன்னலோரம், இரண்டாவது பெஞ்சு. கரும்பலகை நேராகத் தெரிந்தது. துண்டை விரித்தால்தானே விழும்? பெஞ்சுப் பலகையைச் சுற்றிக் கட்டி, முடிச்சு மேல் முடிச்சு போட்டு, இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

திரும்பி வந்தபோது மாமா மேசைக்குப் பின்னால் இருந்தவரிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்.

"பி.காம். ஃபில் ஆயிடுச்சுங்க. எல்லாமே ஃபில்லு" என்றார் அவர்.

"யாராச்சும் எறங்குவாங்கல்ல சார்?"

"எறங்குறதா?"

"இல்ல சார், வேற காலேஜுக்கு மாறிப் போனா…"

"போனா கூப்புடுவோம். நீங்க நம்பிக்கிட்டு இருக்காதீங்க."

மாமா நகராமல் அங்கேயே நின்றார். அக்கா ஒரு தூணோரம் தனியாக இருந்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்தேன். எங்கே என்றுகூடக் கேட்காமல் வந்தாள். வகுப்பறையில் துண்டைக் காட்டினேன்.

"நான் புடிச்சிட்டேன்க்கா. இந்தத் துண்டு விழாது. இழுத்துப் பாரு."

அக்கா துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பெஞ்சுக்குள் நுழைந்து உட்கார்ந்தாள். தாவணியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்தாள். கரும்பலகையில் யாரோ பாதி அழித்துவிட்டுப் போன கணக்கு ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினேன்.

"நல்ல சீட்டாக்கா?"

"ம். காத்து வருது."

வெளியிலிருந்து மாமா எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அக்கா குனிந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். நான் போட்ட முடிச்சு லேசில் அவிழவில்லை, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தாள். துண்டை உதறி என் தலையில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"வாடா. நம்ம ஸ்டாப்பிங் வந்துடுச்சு, எறங்கு."

நான் பெஞ்சிலிருந்து குதித்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன். பஸ் இன்னும் கிளம்பவே இல்லை, அதற்குள் எங்கே இறங்குவது?