ஓதின தண்ணீரைக் கொதிக்க வைக்கலாமா?

கல்பிட்டிக் கரையில் பிறந்த ஒருத்தி மீன் ஆணம் கொதிக்கும் வாசத்துக்கு ஓங்காளித்தால் ஒன்றில் வயிற்றில் பிள்ளை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நோய். என் வயதுக்குப் பிள்ளை சரிவராது. அந்தப் பதவி ஏற்கெனவே என் இளைய மகளிடம் இருந்தது. அவளுக்கு ஏழாம் மாதம்.

காய்ச்சலும் அலுப்பும் வந்தன. பிறகு கண் மஞ்சளானது. செங்கமாரி என்று ஊரே சொல்ல, ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டருக்கு என் மகன் வயது. சலம் என்ன நிறம் என்று கேட்டார். கட்டின மனுசனிடமே நான் அதைக் கதைத்ததில்லை. தலையைக் குனிந்து, "பால் ஊத்தாத பிளேன்டி" என்றேன்.

"சாயம் கூடவா?"

"ஓம்."

அடுத்து மலத்தின் நிறம் கேட்டார். வெளிறிப்போன சுவரைக் காட்டினேன். அவருக்கு விளங்கியது.

ஈரலைப் பிடிக்கும் வைரஸ் கிருமியாம். அதில் பல வகை. சிலது இரத்தத்தாலும் ஊசியாலும் தொற்றும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகும். சிலது வாயால் வரும்; ஒருவர் கழித்தது தண்ணீரில் கலந்து இன்னொருவர் வயிற்றுக்குள் போனால் போதுமாம். என்னுடையது அப்படித்தான் என்று அவர் சிரிக்காமல் சொன்னார். எங்கள் வளவு வெறும் மணல். கக்கூஸ் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான். மழைக்கு இரண்டும் சம்பந்தம் பேசி முடித்திருக்கின்றன.

"தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிங்க உம்மா. எந்த வகையெண்டு இரத்தம் பார்த்தாத்தான் தெரியும். ஒரு வகை வயித்துப் பிள்ளைக்காரங்கட உயிருக்கே ஆபத்து."

வீட்டுக்கு வந்தால் எனக்கு மூத்த ராத்தா ஒரு போத்தலோடு உட்கார்ந்திருக்கிறா. எங்கள் கிணற்றிலேயே அள்ளி, பள்ளிவாசல் லெப்பையிடம் கொண்டுபோய் குர்ஆன் ஓதி வாங்கின தண்ணீர். ஓதின தண்ணீரைக் கீழே ஊற்றக் கூடாது, வீட்டில் எல்லாரும் குடிக்க வேண்டும். மகளுக்கு ஒரு கோப்பை வார்த்தாயிற்று. பெரியும்மா தருவதை அவள் மறுக்கமாட்டாள். வாயருகே போன கோப்பையைப் பறித்தேன். கொதிக்க வைக்க வேண்டும் என்றேன்.

"அடுப்புல வெச்சா ஓதின பரக்கத் ஆவியாப் போயிரும். ஒனக்கு மஞ்சள் மூளைக்கும் ஏறிட்டு."

ராத்தாவை வெல்ல நான் பிறக்கவில்லை. அவ என் மகளைப் பார்த்தா, மகள் கோப்பையைப் பார்த்தாள். அந்தக் கோப்பையையும் போத்தலையும் தூக்கிக்கொண்டு லெப்பை வீட்டுக்குப் போனேன். வேற்று ஆண்களிடம் நான் மீன் விலைகூடக் கேட்டதில்லை. கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"ஓதினது சூட்டுக்கு ஓடிருமா?"

உள்ளே லெப்பை செருமினார். சிரிப்பை அடக்கினாரோ என்னவோ.

"அல்லாஹ்ட கலாம் என்ன ஐஸா, உருகிறதுக்கு? நல்லாக் கொதிக்க வைங்க. ராத்தாக்கு நான் சொன்னனெண்டு சொல்லுங்க."

சொன்னேன். ராத்தா தானே சட்டியை அடுப்பில் வைத்து, மூடியின்மேல் அம்மிக் குழவியை ஏற்றி, ஆவி ஒரு சொட்டும் தப்பாமல் காவல் இருந்தா. ஆறின பிறகு மகள் குடித்தாள்.

இரத்தம் பார்த்ததில் எனக்கு வந்தது மகளுக்கு ஆபத்தில்லாத வகை. ஆனாலும் தினமும் காலையில் அவளை வெளிச்சத்துக்கு இழுத்து இமையைத் தூக்கிப் பார்க்கிறேன். கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

"உம்மா, என்ட கண்ணுல என்ன படமா ஓடுது?" என்கிறாள்.

பிள்ளை கைக்கு வரும்வரை ஓடட்டும்.