பாதி நெல், பாதி புல்

பொதட்டூர்பேட்டையில் தறி வேலையை விட்டுவிட்டுத் திருத்தணி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். அரக்கோணம் போய், கிடைக்கிற ரயிலில் ஏறுவதாக எண்ணம். முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை. வழியில் ஒரு வயலில் பெண்கள் களை எடுத்தார்கள். சோறு போட்டால் நானும் எடுப்பதாகச் சொன்னேன்.

"ஆம்பள களை எடுக்க வந்துகீறான் பாருடி!" என்று ஒருத்தி சிரித்தாள்.

வயலுக்குச் சொந்தக்காரி சிரிக்கவில்லை. ஒட்டிய கன்னம், சேற்றில் ஊறி வெளுத்த கைகள். "எறங்கு நைனா," என்றாள்.

இளம்பயிரில் குதிரைவாலிப் புல்லும் நெல்லும் ஒரே மாதிரி இருந்தன. அகப்பட்டதைப் பிடுங்கினேன். அவள் என் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, எங்க சோத்தையே புடுங்கிகினு வர்ற? நெல்ல திரும்ப நட்டுட்டு வந்து சாப்புடு."

நடும்போதுதான் அவளைக் கவனித்தேன். அவள் பயிரைப் பார்ப்பதே இல்லை. இலை தண்டைவிட்டுப் பிரியும் இடத்தில் கட்டைவிரலை ஓட்டுவாள். நெல்லுக்கு அங்கே மெல்லிய நாக்கும் பூனைமயிரும் உண்டு. புல் வழுவழுவென்று இருக்கும். சோறு போட்டுவிட்டு நின்றபோதும் அந்த விரல் புடவைத் தலைப்பைத் தடவிக்கொண்டிருந்தது.

"நாளைக்கி வர்றியா?"

"என்னை நம்பியா?"

"ஆங். பாதி புல்லும் புடுங்கின இல்ல?"

ஏன் கூப்பிட்டாள் என்று இன்றும் தெரியவில்லை. எந்த ஊரிலும் கால் தங்காத நான், மறுநாள் காலை அதே வயலில் கூலிக்கு இறங்கினேன். முதலில் நான் நட்ட இடத்துக்குப் போனேன். நாலைந்து சாய்ந்திருந்தன. மற்றவை நின்றிருந்தன.